அப்பளம் பொரிவது நின்றது, 128இல்

நேற்று இரவு மிடி கீபோர்டில் இருபது நிமிடம் விடாமல் வாசித்தேன், ஒரு சின்ன 'டப்'கூட வரவில்லை. லினக்ஸில் தாமதமும் கரகரப்பும் இல்லாமல் வாசிக்க மூன்று வாரப் போராட்டம் இது.

டெபியன் 12 லினக்ஸ், அதில் ஒலியைக் கையாளும் பைப்வயர், யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளியே செருகும் சவுண்ட் கார்டு). குவாண்டம், அதாவது ஒரே தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் (சாம்பிள்) எண்ணிக்கை, 1024இல் இருந்தால் 48,000 ஹெர்ட்ஸுக்கு 21 மில்லி விநாடி தாமதம் ஆகிறது, கட்டையை அழுத்திய பிறகு சத்தம் நடந்து வருகிற மாதிரி இருக்கும். 64க்கு இறக்கினால் 1.3தான், ஆனால் அப்பளம் பொரிகிற சத்தம்.

ஒரு வாரம் கார்டின் ஹெட்ரூமையே, அதாவது உபரி பஃபரையே, மாற்றி மாற்றி வீணாக்கினேன். பைப்வயரின் நிலவரத்தைக் காட்டும் பிடபிள்யூ-டாப்பில் பிழை எண்ணிக்கை எந்த வரிசையில் ஏறுகிறது என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ஏறியது கார்டின் வரிசையில் இல்லை, சத்தத்தை உருவாக்கும் சின்தசைசர் புரோகிராமின் வரிசையில்! சிபியு, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பவர்சேவில் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றியதும் பாதி கரகரப்பு போனது. வெப்கேமோடு ஒரே ஹப்பில் கிடந்த இன்டர்ஃபேஸைப் பின்பக்க போர்ட்டில் செருகினேன், மீதியும் போனது. பிரவுசர் திறந்தால் மட்டும் 64 இன்னும் முரண்டு பிடிக்கிறது, அதனால் 128. 2.7 மில்லி விநாடி, என் விரலுக்குப் போதும்.

அப்புறம் இன்னொரு கூத்து: ராத்திரி சரியாக இருப்பது காலையில் கெட்டுவிடும். டெர்மினலில் கட்டாயப்படுத்தும் குவாண்டம் ரீஸ்டார்ட் ஆனால் மறந்துவிடும், கான்ஃபிக் ஃபைலில் எழுதினால்தான் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள்.

ஆனாலும் குறை சொல்ல மனசு வரவில்லை. லினக்ஸின் பழைய ஒலி அமைப்பான ஓஎஸ்எஸ் காலத்தில் பாட்டு ஓடினால் வேறு எந்த புரோகிராமும் வாய் திறக்க முடியாது. 2003 கடைசியில் லினக்ஸ் 2.6 கெர்னலோடு அதற்குப் பதிலாக ஆல்சா வந்தது, அதிலும் பல சத்தங்களைக் கலக்கும் டிமிக்ஸோடு மல்லுக்கட்டினோம். 2007இல் ஃபெடோரா 8 லினக்ஸ் பல்ஸ்ஆடியோ என்ற ஒலி சர்வரைக் கொண்டுவந்தபோது நான் செய்த முதல் வேலை அதை நீக்கியதுதான். ரெக்கார்டிங்குக்கு ஜாக் என்ற இன்னொரு ஒலி சர்வர் தனி, அதை ஓட்டினால் பிரவுசர் ஊமை. இப்போது விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயரில் பல்ஸ்ஆடியோ, ஜாக் இரண்டு வகை புரோகிராமும் ஒன்றாக ஓடுகின்றன.

இன்டர்ஃபேஸ் விற்ற கடைக்காரர் "லினக்ஸா, ஓடாது சார்" என்றார். கிளாஸ் கம்ப்ளையன்ட் (பொதுவான யுஎஸ்பி ஒலித் தரத்தில் ஓடுவது) என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, தனி டிரைவரே தேவைப்படவில்லை.

அடுத்து, அவசர வேலையை நேரம் தவறாமல் முடிக்கும் ரியல்டைம் கெர்னல் போட்டு 64ஐ மறுபடி ஒரு கை பார்க்கணும். அதற்கு முன்னால் சஸ்பெண்டிலிருந்து எழுந்தால் இன்டர்ஃபேஸ் காணாமல் போவதைச் சரி செய்யணும், இப்போதைக்கு கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறேன்.