பதினாலு வயதில் கிடைக்காத புத்தகங்கள்

2001இல் எனக்குப் பதினாலு வயது. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்த காலம், கொழும்பிலிருந்து எது வருவதென்றாலும் கப்பலில்தான் வரவேண்டும், அரிசி, மா, மருந்து எல்லாம் இறங்கின பிறகுதான் புத்தகத்துக்கு இடம். வீட்டு அலுமாரியில் கீழ்த்தட்டில் அட்டை கிழிந்த அம்புலிமாமாக்கள், மேல்தட்டில் அப்பாவின் தடித்த நாவல்கள். நடுவில் ஒன்றுமில்லை. அந்த நடுத்தட்டைத்தான் போன வருசம் முழுக்க இருந்து நிரப்பினேன், முப்பத்தெட்டு வயதில்.

தொடக்கி வைத்தது கனடா மச்சாள். ஓகஸ்டில் வந்தபோது சொக்லேட்டோடு சேர்த்து, தன் பிள்ளைகள் வாசித்து முடித்த ஐந்து ஆங்கில நாவல்களையும் சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். பத்தாம் ஆண்டு படிக்கிற என் பெறாமகளுக்குத்தான் கொடுத்தாள். அவளுக்கு நேரம் எங்கே, பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். புத்தகங்கள் என்னிடம் வந்துவிட்டன.

முதலில் எடுத்தது ஷியாம் செல்வதுரையின் 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ'. பெயர் தெரிந்தவர் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. கொழும்பு, அம்ரித் என்கிற பதினாலு வயதுப் பெடியன், தாய் தகப்பன் இல்லை, பள்ளிக்கூட நாடகத்தில் ஒத்தெல்லோ. கனடாவிலிருந்து அவன் அறியாத மச்சான் ஒருவன் வந்து இறங்க, அம்ரித்துக்கு அவன்மேல் காதல் வந்துவிடுகிறது. கனடாச் சொந்தம் வந்து இறங்குகிற நாள் எப்படியிருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், அந்தச் சப்பாத்தையும் சென்ற் வாசத்தையும் பார்த்துக்கொண்டு வாசல்தூணோடு நிற்கிற பிள்ளையாக நானும் இருந்திருக்கிறேன். ஆனால் ஒரு பெடியனுக்கு இன்னொரு பெடியனில் விருப்பம் வருவதை இவ்வளவு பதட்டமில்லாமல், மழைக்காலக் கடலை மட்டும் கொந்தளிக்க விட்டு எழுதலாம் என்று எனக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. இன்னொன்று, கதை நடப்பது 1980இல். அந்த வருசத்தைப் பார்த்ததுமே நான் விரல் மடிக்கத் தொடங்கிவிட்டேன், இன்னும் மூன்று வருசம், இந்த வீடு என்னாகும், இந்தத் தெரு என்னாகும் என்று. நாவல் 83 கலவரத்துக்கு வராமலே முடிகிறது. அந்தப் பயம் வாசிக்கிற எங்களிடம்தான் இருக்கிறது.

மார்கஸ் ஸூசாக்கின் 'த புக் தீஃப்' எல்லாரும் புகழ்கிற புத்தகம். கதை சொல்வது சாவு, இடம் நாசி ஜெர்மனி. முதல் நூறு பக்கம் எனக்கு இழுவைதான், சாவு கொஞ்சம் கூடக் கதைக்கிறது. ஆனால் குண்டுவீச்சு நேரம் நிலவறைக்குள் பயந்திருக்கிற அயலவர்களுக்கு லீசல் என்கிற சிறுமி புத்தகம் வாசித்துக் காட்டுகிற இடம் வந்ததும் மூடி வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டேன். எங்கள் பங்கருக்குள் அம்மம்மா தேவாரம் பாடுவா, பொம்பர் போன பிறகும் பதிகம் முடியும்வரை ஒருவரையும் வெளியே விடமாட்டா.

கேரி போல்சனின் 'ஹாட்செட்' ஒரே இருப்பில் முடிந்தது. சின்ன விமானத்தில் விமானிக்கு மாரடைப்பு, கனடாக் காட்டில் விழுந்த பதின்மூன்று வயதுப் பெடியன், கையில் அம்மா கொடுத்த சின்னக் கோடரி ஒன்று. அவ்வளவுதான், அவ்வளவும் போதும்.

எஸ். ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வந்தபோது எழுதினவவுக்குப் பதினெட்டு வயது. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் முதலெழுத்துகளை மட்டும் போடச் சொன்னதாம். இதைச் சொன்னபோதுதான் பெறாமகள் முதன்முறை போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

சரி, அவளுக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்து ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' கொடுத்தேன். 2017இல் வந்தது, முழுக்கக் கவிதை வரிகள், பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து வரிகூட இல்லாத இடங்கள் இருக்கின்றன. வில் என்கிற பதினைந்து வயதுப் பெடியனின் தமையனைச் சுட்டுவிடுகிறார்கள். அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக் கூடாது, பழிவாங்க வேண்டும், இதுதான் அவன் வளர்ந்த இடத்துச் சட்டம். துவக்கை இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்டில் இறங்குகிறான். அந்த அறுபது செக்கன்தான் நாவல், தளத்துக்குத் தளம் நின்று, செத்துப்போன ஆட்கள் ஏறுகிறார்கள். அமெரிக்கக் கதைதான். ஆனால் வாள்வெட்டு என்ற சொல்லை இங்கே பேப்பரில் எத்தனை தரம் வாசித்துவிட்டோம், அதில் வருகிற வயதுகளைப் பார்த்தால் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அவர்களுக்குள்ளும் யாரோ இந்த மூன்று சட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்தானே. சட்டத்தை யார் முதலில் சொன்னது என்று கேட்கிற புத்தகம் தமிழில் பதினைந்து வயதுக்காரர் கைக்கு வந்து நான் பார்க்கவில்லை.

அவள் இரவு பதினொன்றரைக்கு என் கதவைத் தட்டினாள்.

"சின்னம்மா, அவன் பிறகு சுட்டவனோ இல்லையோ?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

"இப்பிடி முடிச்சா எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அடுத்த நாள் திரும்ப வாசிக்கப் போகிறேன் என்று ரியூசனுக்குக் கொண்டுபோயிருக்கிறாள், கெமிஸ்ற்றி நோட்டுக்குள் வைத்து. சேர் பறித்துவிட்டார். இரண்டு கிழமையாகிறது, திருப்பித் தரவில்லை. போன வியாழன் அவர் மேசையில் கிடந்ததாம், பாதிக்கு மேல் ஒரு பக்கத்தில் பஸ் ரிக்கெட் செருகியிருந்ததாம். கேட்கப் போகலாம்தான், முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.