எட்டடித் தூணில் மிச்சம் பிடித்த கதை

2018 ஏப்ரலில் ஒரு காலை, குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது வேலிப் படலை திறக்க மறுத்தது. தாழ்ப்பாளின் நாக்கும் அது விழவேண்டிய துவாரமும் இரண்டு விரற்கடை விலகி நின்றன. வேலி போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பிணைச்சலில்தான் பிழை என்று நினைத்துக் கழற்றிப் பூட்டினேன். அடுத்த ஏப்ரலிலும் அதே கதை. அப்போதுதான் நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்த்தேன். படலை ஒழுங்காகத்தான் இருந்தது. அதைத் தாங்கிய தூண் தரையிலிருந்து எழும்பியிருந்தது.

ஊரில் எங்கள் வளவு வேலி கிளுவைக் கதியால். அலவாங்கால் துளையிட்டு, மாரிக்கு முன் ஊன்றிவிட்டால் துளிர்த்துவிடும். ஆகவே வளரும் வேலி எனக்குப் புதிதல்ல. காய்ந்த மரத்தூண் வளர்வதை மட்டும் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

செய்த பிழை எளியது. கடையில் எட்டடித் தூணும் பத்தடித் தூணும் இருந்தன. ஆறடி வேலிக்கு எட்டடித் தூண் போதும், இரண்டடி மண்ணுக்குள் போனால் தாராளம் என்று கணக்குப் போட்டேன். பதினொரு தூணுக்கு மிச்சம் பிடித்த காசில் ஒரு குளிர் மேலங்கி வாங்கியதாக நினைவு.

சரிந்த தூண்களுக்கு முட்டுக்கொடுத்து மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். 2022 மே 21, விக்ரோறியா தின நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை. பகல் ஒரு மணியளவில் வீட்டிலிருந்த கைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. டெரேச்சோ என்று சொல்லப்படும் நீள்வரிசை இடிப்புயல் தெற்கு ஒன்ராறியோவைக் கடந்த நாள் அது. ரொறன்ரோ விமான நிலையத்தில் மணிக்கு 120 கிலோமீற்றர் வேகக் காற்று பதிவானது. காற்று ஓய்ந்து நான் பின்கதவைத் திறந்தபோது, ஐந்து தூண்கள் அடிச் சீமெந்துக் கட்டியோடு பிடுங்கப்பட்டு, வேலி பக்கத்து வீட்டுத் தக்காளிக் கன்றுகளின் மேல் படுத்திருந்தது.

மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கம் ஓடாவியாக, அதாவது தச்சராக இருந்தவர். இங்கே இருபது ஆண்டுகளாக டெக் எனப்படும் வெளிப்புற மரத்தளமும் வேலியும் கட்டுகிறார். விழுந்து கிடந்த கட்டியைக் காலால் புரட்டினார். மேலே அகலம், கீழே ஒடுக்கம். பெரிய கரட் கிழங்கு போல இருந்தது. "நீர் நட்டது தூண் இல்லை தம்பி, கிழங்கு. குளிர் வந்து கிண்டி எடுத்திருக்கிறது" என்றார்.

பிறகு மண்ணைக் கையில் எடுத்து உருட்டிக் காட்டினார். எங்கள் பகுதியில் இருப்பது களிமண். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் அளவில் பெருக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் தூணைத் தூக்குவது பெரும்பாலும் அது அல்லவாம். உறைகிற மண் கீழே உள்ள ஈரத்தைத் திரிவிளக்கு எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கிறது. அந்த ஈரம் தகடு தகடாகப் பனிக்கட்டியாகி அடுக்கடுக்காகத் தடிக்கிறது. மேல் அகலமான சீமெந்தின் விளிம்பை உறைந்த மண் கவ்விக்கொண்டு தன்னோடு தூக்கும். கீழே உண்டாகும் இடைவெளிக்குள் சேறு சரிந்து விழும். இளவேனிலில் பனி உருகினாலும் தூண் இறங்குவதற்கு இடம் இராது. ஆண்டுக்கு ஒரு விரற்கடை, அரை விரற்கடை என்று ஏறிக்கொண்டே போகும்.

தெற்கு ஒன்ராறியோவில் இதற்கு மருந்து நான்கு அடி, அதாவது 1.2 மீற்றர். உறைபனி அந்த ஆழத்தைத் தாண்டுவதில்லை என்பது கணக்கு. குழிக்குள் வழவழப்பான அட்டைக் குழாயை இறக்கி அதற்குள் கொங்கிறீற் வார்த்தால் உறைமண்ணுக்குக் கவ்விப்பிடிக்க விளிம்பு கிடைக்காது. குழியின் அடியை மட்டும் அகலமாக வெட்டிவிட்டால் கொங்கிறீற் அங்கே யானைக் காலாக நின்றுகொள்ளும்.

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வண் கோல் என்ற பொதுச் சேவைக்குச் சொல்ல வேண்டும். இது சட்டம், செலவில்லை. ஆட்கள் வந்து நிலத்துக்கடியில் எது எங்கே ஓடுகிறது என்று புல்லின் மேல் வர்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் குடிநீர், செம்மஞ்சள் தொலைபேசி, இணைய வடங்கள். எங்கள் பின்வேலி நெடுகச் செம்மஞ்சள் கோடு ஓடியது. குறியிலிருந்து ஒரு மீற்றருக்குள் இயந்திரம் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும். ஏழாவது குழியில் முக்கால் அடி போவதற்குள் கறுப்பு வடம் தலைகாட்டியது. துளைபோடும் இயந்திரத்தை விட்டிருந்தால் தெருவில் பாதிப்பேர் அன்று எனக்குச் சாபம் போட்டிருப்பார்கள்.

பக்கத்து வீட்டுக் கயானாக்காரர் செலவில் பாதி தந்தார். காணி அளவை வரைபடத்தை விரித்து வைத்துப் பத்து நிமிடத்தில் எல்லை முடிந்தது. கதியாலை இரவோடு இரவாக ஒரு முழம் தள்ளி நட்டு, மூன்று தலைமுறைக்கு வழக்காடிய ஊரிலிருந்து வந்தவனுக்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: தக்காளிக்கு வெயில் வரவேண்டும். ரொறன்ரோவில் பின்வளவு வேலிக்கு இரண்டு மீற்றர்தான் உச்சம். நாங்கள் ஆறடியோடு நிறுத்தி, பலகைகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடித்தோம். வெளிச்சமும் காற்றும் ஊடே போகும். அடுத்த புயலுக்கு வேலி பாய்மரம் ஆகாது.

வேலிக்கு ஆள் பிடித்தாயிற்று, அதோடு டெக்கையும் கட்டிவிடலாம் என்று மனைவி சொன்னாள். பின்கதவு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கிறது. அறுபது சென்ரிமீற்றருக்கு மேல் உயரமென்றால் கட்டட அனுமதி வேண்டும். படத்தை நானே கீறினேன். வீட்டுச் சுவரில் ஒரு நீளப் பலகையைப் போல்ட் அடித்து, அதிலிருந்து டெக்கைத் தொங்கவிடுவதுபோல. படம் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுச் செங்கல் சுவர் வெறும் முகப்பு. உள்ளே இருக்கும் மரச்சட்டம்தான் வீட்டைத் தாங்குகிறது; முகப்புச் செங்கல்லில் பாரம் ஏற்றக்கூடாது. திருப்பி அனுப்பியவர் சொன்னது முழுக்க நியாயம். ஆகவே வீட்டைத் தொடாமல் தன் காலில் நிற்கும் டெக். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, இரண்டு உத்தரம், ஆறு தூண்.

அதிலும் ஒரு முடிச்சு. வீட்டை ஒட்டிய மண், நிலவறை கட்டும்போது வெட்டித் திரும்ப நிரப்பிய மண். ஒருமுறை குலைந்த மண் பின்னர் அமரும். அந்தப் பக்கத்து மூன்று குழிகளைச் சற்று வெளியே தள்ளியும், நிறம் மாறிக் கெட்டி மண் தட்டுப்படும்வரை நான்கடியைத் தாண்டியும் தோண்டினோம். முப்பது கிலோ மூட்டைகள் முப்பத்துமூன்று போயின. கொங்கிறீற் வார்க்கும் முன் பரிசோதகர் வந்து ஒவ்வொரு குழிக்குள்ளும் அளவு நாடாவை விட்டுப் பார்த்தார். முதுகு வலி உள்ளவர்கள் இரும்புத் திருகுத் தூண்களை இறக்க ஆள் பிடியுங்கள். காசு கூடத்தான், ஆனாலும் மூன்று நாள் வேலை ஒரு காலையில் முடியும்.

மேலே போடுகிற மரத்தில் அவ்வளவு வில்லங்கம் இல்லை. மருந்தூட்டிய பச்சை நிற மரத்தில் செம்பு இருக்கிறது. அது சாதாரண ஆணியை அரித்துவிடும். உருக்கிய நாகத்தில் தோய்த்த ஆணியும், குறுக்குச் சட்டங்களைத் தாங்கும் ஜொயிஸ்ட் ஹாங்கர் என்ற இரும்புப் பிடியும்தான் வேண்டும். அறுத்த முனைகளுக்கு மருந்து பூச மறக்காதீர்கள், மருந்து மரத்தின் நடுவரை போயிருக்காது. கடையிலிருந்து வரும் பலகை ஈரத்தில் கனக்கும். ஓடாவி அண்ணை அவற்றை இடைவெளி விடாமல் நெருக்கி அடித்தபோது, மழைநீர் எங்கே வடியும் என்று வாதாடினேன். அவர் பதில் சொல்லவில்லை. செப்ரெம்பரில் பலகைகள் காய்ந்து சுருங்கி, ஒவ்வொன்றுக்கும் இடையே பென்சில் நுழையும் அளவுக்கு வெளி விழுந்திருந்தது. கைப்பிடி வேலி தொண்ணூறு சென்ரிமீற்றர் உயரம். கம்பிகளுக்கிடையே பத்து சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. குழந்தையின் தலை நுழையக்கூடாது என்பதற்காகத்தான். பரிசோதகர் அதையும் அளந்தார்.

எண்ணெய்ப் பூச்சை அந்த ஆண்டு பூசவில்லை. பலகையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். முத்து முத்தாக நின்றது. அப்படி நின்றால் மரம் இன்னும் பூச்சைக் குடிக்காது. அடுத்த ஆண்டு ஜூனில் தெளித்த தண்ணீர் உடனே ஊறியது, பூசினோம். பெயின்ற் மட்டும் வேண்டாம். தோல் போல மேலே நிற்கும், அடியில் ஈரம் புகுந்து உறைந்தால் தோல் உரிவதுபோலவே உரியும்.

பனிக்காலத்தில் டெக்கைப் பாடாய்ப் படுத்துவது நாம்தான். முதல் பனிக்கு நான் இரும்புச் சவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் இரண்டு கீறல் போட்டேன், இன்றும் இருக்கின்றன. பிளாஸ்ரிக் சவளால், பலகை ஓடும் திசையிலேயே தள்ள வேண்டும். உப்புப் போடக்கூடாது, ஆணியைத் தின்னும்; வழுக்கினால் மணல் தூவினால் போதும். கதவு திறக்கவும் படியில் இறங்கவும் வழி செய்துவிட்டு மிச்சப் பனியை அப்படியே விட்டுவிடுகிறேன். அள்ளிய பனியை வேலியோரம் குவிப்பதில்லை. உருகும் நீர் முழுவதும் தூணடியில்தான் இறங்கும். படலைக்கு அடியில் நான்கு அங்குலம் வெளி விட்டிருக்கிறோம். பூனை போய்வருகிறது, போகட்டும்.

ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். வேலித் தூண்கள் எல்லாம் நான்கடி என்று அயலவரிடம் சொன்னேன். டெக்கின் குழிகளை அளக்கப் பரிசோதகர் வந்தார்; வேலிக் குழிகளை அளக்க ஒருவரும் வரவில்லை. மூலைத் தூணுக்குத் தோண்டும்போது மூன்றடியில் ஒரு பாறாங்கல் இடித்தது. அலவாங்கு தெறித்துக் கை விறைத்தது. மாலை ஏழு மணி, மழை வேறு. "காணும் அண்ணை" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூணைத் தூக்கினார்.

கடந்த ஏப்ரலில் பதினொரு தூண்களுக்கும் நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன். பத்து அசையவில்லை. மூலைத் தூண் அரை விரற்கடை ஏறியிருந்தது. அதில்தான் படலை தொங்குகிறது.