மேஜுக்கு எந்தக் கியர்: தாக்குதலா, தற்காப்பா?

ஆன்லைன் ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் மேஜ் (மந்திரவாதி) எடுத்து ஆடுபவர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. கிடைக்கும் கியர் (அணியும் பொருட்கள்) அனைத்தையும் ஸ்பெல் பவரை, அதாவது மந்திரங்களின் வலிமையைப் பார்த்தே தேர்ந்தெடுப்பதா, உயிர் பிழைப்பதற்கும் கொஞ்சம் ஒதுக்குவதா என்பதுதான் அது. ஒரு சண்டையில் எத்தனை ஸ்பெல்களை (மந்திரங்களை) முழுதாகக் காஸ்ட் செய்து (ஓதி முடித்து) எதிரிமேல் இறக்க முடிந்தது என்பதை மட்டுமே நான் கணக்கில் கொள்கிறேன். அந்த எண்ணிக்கையைக் கூட்டித் தருவது, ஹெல்த்தை (உயிர்ப் புள்ளிகளை) உயர்த்தும் ஸ்டாமினாவாக இருந்தால், அந்த இடத்தில் ஸ்டாமினாவே தாக்குதல் கியர்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கை எடுத்துக்கொள்வோம். அதில் 10 ஸ்டாமினா 100 ஹெல்த் தருகிறது. 10 ஸ்பெல் பவரோ மேஜின் பனித் தாக்குதலான ஃப்ராஸ்ட்போல்ட் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 8 டேமேஜைக் கூட்டுகிறது. பலர் சேர்ந்து பெரிய எதிரியை வீழ்த்தும் ராய்டில் டேங்க் முன்னால் நின்று அடி வாங்க, ஹீலர்கள் அவரைக் காத்துக்கொண்டிருக்கும்போது, அந்த 100 ஹெல்த் பெரும்பாலும் பயன்படாமலே கிடக்கும். ஆனால் ஸ்பெல் பவருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஹிட், அதாவது ஸ்பெல் எதிரிமேல் படும் வாய்ப்பு. 60ஆம் லெவல் மேஜ் வீசும் ஸ்பெல்களில் 83 சதவீதம்தான் ராய்டின் பெரிய எதிரியான பாஸ் மீது படும்; டேலண்டில் (நாம் தேர்ந்தெடுக்கும் திறன்களில்) 6, கியரில் 10 என்று 16 சதவீதம் சேர்த்தால்தான் உச்சவரம்பான 99ஐ எட்டலாம். தவறிப்போன ஸ்பெல், காஸ்டுக்குச் செலவாகும் ஆற்றலான மானாவையும் நேரத்தையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. ராய்டில் தற்காப்பு பெரிதாகத் தேவையில்லை என்பதற்கு விதிவிலக்காக நக்ஸ்ராமஸ் ராய்டின் பாஸான சஃபிரானைச் சொல்வேன். அதன் குளிர் சண்டை முழுவதும் எல்லோரையும் விடாமல் தாக்குவதால், அங்கே குளிர்த் தாக்குதலைக் குறைக்கும் ஃப்ராஸ்ட் ரெசிஸ்டன்ஸ் கியரை அணிய மறுக்கும் மேஜ் பிறருக்குச் சேர வேண்டிய ஹீலையும் பறிக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

பிவிபியில், அதாவது ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் சண்டையில், நிலைமை தலைகீழ். பதுங்கித் தாக்கும் ரோக் ஒருவர் மேலே விழுந்து குத்தும்போது ஒவ்வொரு அடியும் காஸ்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மேஜின் பனிக் கவசமான ஐஸ் பேரியர் இருக்கும்வரை அந்தத் தள்ளல் இல்லை. ஆனால் அதன் கடைசி ரேங்க்கூட 818 டேமேஜைத்தான் தாங்கும். அசையவிடாமல் செய்யும் ஸ்டன்னிலிருந்து, சட்டென முன்னால் தாவும் ஸ்பெல்லான ப்ளிங்க் விடுவிக்கும் என்றாலும், அதை 15 வினாடிக்கு ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அந்த இடைவெளியில் விழும் அடுத்த ஸ்டன்னை வெறும் ஹெல்த்தால்தான் கடக்க வேண்டும். கடந்துவிட்டால் ஃப்ராஸ்ட் நோவா போட்டு எதிரியைக் கட்டி, விலகி நின்று அடிக்கலாம். கடக்காவிட்டால் எத்தனை ஸ்பெல் பவர் இருந்தும் பயனில்லை.

பழைய ராக்னராக் ஆன்லைன் விளையாட்டில் கியரில் பொருத்தும் ஃபென் கார்டு இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதை அணிந்தால் அடி பட்டாலும் காஸ்ட் முறியாது. ஆனால் காஸ்ட் நேரம் 25 சதவீதம் கூடும். தனியாக அலையும் விஸார்டுக்கு (அந்த விளையாட்டின் மந்திரவாதிக்கு) அது வரம், நைட் ஒருவர் மறைத்து நிற்கும் பார்ட்டியில் வீண் சுமை, காஸ்ட் நேரத்தைக் குறைக்கும் டெக்ஸ் 150ஐத் தொட்டு உடனடி காஸ்ட் பெற்றவருக்கோ தேவையே இல்லாத பொருள்.

சென்னையிலிருந்து ஆடுபவர்கள் இந்தக் கணக்கில் பிங்கையும் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரத்தையும்) சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேரடியான கடலடி கேபிள் இருப்பதால் சிங்கப்பூர் சர்வர்கள் நமக்கு அருகில் இருப்பவை போலவே இயங்குகின்றன. ஐரோப்பிய சர்வரிலோ, நாம் ப்ளிங்க்கை அழுத்தி அது அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்னோர் அடி விழுந்திருக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் செட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தொலைவான சர்வரில் பிவிபி ஆடும்போது கொஞ்சம் கூடுதலாக ஸ்டாமினா வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வேளச்சேரியிலிருந்து எங்கள் கில்டில் (ஆட்டக் குழுவில்) ஆடும் தம்பி ஒருவர், "அண்ணா, ஒரே செட்டை வச்சே ரெண்டையும் சமாளிக்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது. பையில் இடம் குறைகிறதே என்று பார்க்காமல் ராய்டுக்கும் பிவிபிக்கும் இரண்டு செட் வைத்துக்கொள்வதே நல்லது. இடம் உண்மையிலேயே போதாவிட்டால், தலை, மார்பு, கால் ஆகிய மூன்று பகுதிகளுக்கு மட்டுமாவது மாற்று வைத்திருக்கலாம். ஸ்டாமினா, ஸ்பெல் பவர் போன்ற ஸ்டாட்கள் அதிகம் சேர்வது அவற்றில்தான்.