1851இல் தொடங்கிப் பின்னால் போங்கள்

இங்கிலாந்தின் கூலிக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை 5இன் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். உறவுமுறையும் இருக்காது. பிறந்த பாரிஷும் (தேவாலயப் பங்கு வட்டாரம்) உறவும் 1851இல்தான் வருகின்றன. முதலில் அதைப் பிடியுங்கள்.

அடுத்து திருமணச் சான்றிதழ். 1837 ஜூலை 1 முதல் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் அதில் உண்டு. வயதுக் கட்டத்தில் ‘முழு வயது’ என்றிருந்தால் 21 நிரம்பியவர் என்று பொருள், அவ்வளவே. தந்தை யாரென்று தெரியாத சிலர் ஒரு பெயரைக் கற்பனையாகச் சொல்லிவைத்ததும் உண்டு, அதனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி இருக்கிறதா? அப்படியானால் குடும்பப்பெயரின் எழுத்துக்கூட்டல் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடிதான். ஒலி ஒத்த எல்லா வடிவங்களிலும் தேடுங்கள்.

பிறப்புப் பதிவே இல்லையென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். 1875க்கு முன் பதிவில் விடுபட்ட குழந்தைகள் ஏராளம். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் இருக்கிறது. ஒரே பெயரில் நான்கு குழந்தைகள் நின்றால், அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.