பில் இல்லாத புத்தகம் நூலகத்துக்கு வராது

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்த்துறையில் வேலை பார்க்கிறேன். துறைக்கு ஒருவர் நூலகப் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. ஜூனியர் என்பதால் அது என் தலையில் விழுந்தது. வேண்டிய புத்தகங்களை எழுதிக் கொடுத்தால் வாங்கி வைக்கப் போகிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்றுதான் ஏற்றுக்கொண்டேன். ஒரு நிதியாண்டு முழுக்க அந்தப் பட்டியலோடு அலைந்த பிறகு சொல்கிறேன்: எங்கள் நூலகத்தில் எந்தத் தமிழ்ப் புத்தகம் இருக்கும், எது இருக்காது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் முறையாக பில் போடத் தெரிந்த பதிப்பாளர்தான்.

ஆகஸ்ட் வாக்கில் நூலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். துணைவேந்தர் தலைமையில் நூலகக் குழு கூடி, துறைவாரியாகப் பணத்தைப் பிரித்திருப்பார்கள். முன்பெல்லாம் ஆய்விதழ்ச் சந்தாவுக்கே பெரும்பங்கு போய்விடும். 2025 ஜனவரியில், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்ச் சந்தாவை மொத்தமாகக் கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்த பிறகு அறிவியல் துறைக்காரர்கள் முகத்தில் தெளிச்சி. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். நல்ல விஷயம்தான். எங்களுக்கு வேண்டிய தமிழ்ச் சிற்றிதழ்கள் அந்த வட்டத்துக்குள் வராது என்பதால், எங்கள் சண்டை வழக்கம்போல அச்சுப் புத்தகத்தோடுதான்.

பரிந்துரைப் படிவத்தில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பதிப்பு, ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), விலை, எத்தனை பிரதி என்று கட்டங்கள். துறையில் சுற்றுக்கு விட்டேன். ஒருவர் போட்டித்தேர்வுக் கையேடாகவே எழுதித் தந்தார். இன்னொருவர் தான் எழுதிய புத்தகங்களைத் தலைப்புக்குப் பத்துப் பிரதி வீதம் பரிந்துரைத்திருந்தார். இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் துறைத்தலைவரிடம் நீட்டினேன். அவர் பேசாமல் பத்தை இரண்டாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து, ஏற்கெனவே நூலகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினிப் பட்டியலில் தேடினால் போதும் என்பார்கள். போதாது. பழைய பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. அதிலும் ஒரு சீர் கிடையாது. சிலப்பதிகார உரை ஒன்றைத் தேட தமிழ் ‘சி’க்கு ஒரு தடவை ஆங்கில ‘C’ எழுத்தும் ஒரு தடவை ‘S’ எழுத்தும் போட வேண்டியிருந்தது. நடுவில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒரு தொகுதி வேறு. திரையில் அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். பட்டியல் ‘இல்லை’ என்று சொன்ன சில புத்தகங்கள் இரண்டாம் மாடி அலமாரியில் இருந்தன. அதனால் சந்தேகமானவற்றை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் சேர்த்தேன்.

பட்டியல் கொள்முதல் பிரிவுக்குப் போனதும்தான் கதை சூடு பிடிக்கிறது. நூலகம் பெரும்பாலும் பதிப்பாளரிடம் நேரடியாக வாங்காது. அங்கீகரித்து வைத்திருக்கும் சப்ளையர்களிடம் ஆர்டர் போடும். கழிவு (விலையில் தள்ளுபடி) எவ்வளவு, எத்தனை நாளில் தர வேண்டும், பழைய பதிப்பைத் தள்ளிவிடக் கூடாது என்பதெல்லாம் நிபந்தனையில் இருக்கும். ஆங்கிலப் புத்தகம் என்றால் இது சுலபமாக ஓடுகிறது. டாலர் விலைக்குப் பதிப்பாளரின் இணையப் பக்க நகல், அன்றைய மாற்று விகிதத்துக்கு ஒரு சான்று, முடிந்தது. என் பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தவையோ வீட்டு முகவரியில் நடக்கும் பதிப்பகங்களின் நூல்கள். சப்ளையர் அவற்றுக்கு நேராக ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார். இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு மூன்று போன் போட்டு, கூரியர் செலவு செய்து, அதில் கழிவும் தந்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சரி, நேரடியாக வாங்கலாமா என்று உதவி நூலகர் மேடத்திடம் கேட்டேன். “வாங்கலாம் சார். ஆனா அவங்க லெட்டர்பேடுல விலைப்பட்டியல், பான் நம்பர், பேங்க் விவரம், மூணு காப்பி பில் எல்லாம் வரணும். புக் வந்து, அக்சஷன் போட்ட பிறகுதான் பணம்” என்றார். அக்சஷன் என்றால் நூலகப் பதிவேட்டில் ஏற்றிச் சேர்க்கை எண் கொடுப்பது. ஒரு பதிப்பாளரை அழைத்து இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “தம்பி, புக்கை வேணா சும்மாவே அனுப்பறேன். இந்தக் காகிதமெல்லாம் நம்மால ஆகாது.” விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அனுப்பினார். அது அன்பளிப்புப் பதிவேட்டில் ஏறியது.

கணக்குப் பிரிவில் இன்னொரு முட்டுக்கட்டை. ஜி.எஸ்.டி. எண் இல்லாத பில்லை எப்படிப் பாஸ் செய்வது என்று திருப்பி அனுப்பினார்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வரி விலக்குள்ள பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்துகொள்ளத் தேவையும் இல்லை. இதை ஒரு குறிப்பாக எழுதி, விலக்குப் பட்டியலின் நகலையும் இணைத்து வைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. ஐ.எஸ்.பி.என். விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. ஆனாலும் விண்ணப்பிக்காமலே புத்தகம் போடுகிறவர்கள் ஏராளம். எங்கள் படிவத்தின் மென்பொருளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கமே திறக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் காலண்டர். தமிழில் புதுப் புத்தகங்கள் குவிவது ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி. எங்கள் பட்டியல் செப்டம்பரில் மூடப்படுகிறது. பணம் மார்ச் 31-க்குள் செலவாகவில்லை என்றால் போச்சு. ஆக, ஜனவரியில் வெளியான நூல் ஆகஸ்டில்தான் பட்டியலில் ஏறும், பிப்ரவரி, மார்ச்சில் வந்து சேரும், அலமாரிக்குப் போக ஜூன் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு. முந்நூறு பிரதி அச்சடித்த புத்தகம் அதற்குள் தீர்ந்தே போயிருக்கும். ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக 1931-இல் எழுதிவைத்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தவர். மார்ச் மாதத்தில் எங்கள் கொள்முதல் பிரிவை அவர் பார்த்திருக்க வேண்டும்.

மார்ச்சில் பெட்டிகள் வந்து இறங்கின. மேடம் ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் முதலில் போவது விலை அச்சிட்ட இடத்துக்கு. ஒன்றில் 320 ரூபாய் என்று ஸ்டிக்கர். டியூப்லைட்டுக்கு எதிரே பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். அடியில் 250 தெரிந்தது. “ஆடிட்ல இதைத்தான் முதல்ல பிடிப்பாங்க” என்று தனியாக எடுத்துவைத்தார். மறு அச்சுக்கு விலை ஏறுவது சகஜம்தான், ஆனால் பதிப்பாளரிடமிருந்து விலை உயர்வுக் கடிதம் வராமல் அந்தப் புத்தகம் உள்ளே போகாது. அடுத்து பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கத் தொகுப்பு) விட்டுப் போயிருக்கிறதா, பக்கம் தலைகீழாகத் தைத்திருக்கிறதா என்று ஒரு புரட்டல். தேறியவற்றுக்குச் சேர்க்கை எண். அந்த எண்கள் பில்லின் பின்பக்கத்திலும் ஏற வேண்டும். அப்போதுதான் பில் நகரும். தலைப்புப் பக்கத்தில் முத்திரை, உள்ளே நூலகத்தாருக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பக்கத்தில் இன்னொன்று. முகப்பைக் கிழித்துக்கொண்டு போனாலும் புத்தகம் யாருடையது என்று கண்டுபிடிக்க அது.

வகைப்படுத்தும் மேசையில், பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் டூயி முறை. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே எண். தமிழ் இலக்கியம் 894.811. கவிதை 894.8111, புனைகதை 894.8113. அலமாரி அலமாரியாக ஒரே எண் நிற்பதால், அதற்குக் கீழே வரும் ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளை நம்பித்தான் தேட வேண்டும். அங்கேதான் தகராறு. சப்ளையரின் பட்டியலில் தகப்பனார் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியிருக்கும். புனைபெயர்க்காரர் என்றால் இன்னும் சிரமம்: புதுமைப்பித்தன் ஒரு பக்கம், சொ. விருத்தாசலம் இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். நான் துறையிலிருந்து செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டென்றால், புனைபெயர், இயற்பெயர் அட்டவணை ஒன்று தயாரித்து அந்த மேசையில் ஒட்டியதுதான்.

புதிதாக வருவதற்கு இடம் வேண்டுமென்றால் பழையது வெளியேற வேண்டும். காலாவதியான கணினி நூல்களைக் கழிப்பதற்கே குழு, ஒப்புதல் என்று இழுக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி, வழங்கிய ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைந்தால் நியாயமான இழப்பு என்று ஏற்கலாம். இருந்தும் புத்தக இருப்புச் சரிபார்ப்பு என்றாலே ஊழியர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. தொலைந்ததை எங்கே தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அரிய நூல் பிரிவின் சாவி எப்போதும் ‘லீவில் இருப்பவரிடம்’ இருப்பதன் காரணம் இதுதான்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வீட்டார் புத்தகங்களைக் கொடுக்க அழைக்கும்போதும் நூலகம் தயங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் எண், இடம், சரிபார்ப்பு எல்லாம் உண்டே. கோட்டையூரில் தனி மனிதராக நூல்களோடு நோட்டீசுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூடச் சேர்த்துவைத்தவர் ரோஜா முத்தையா. 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாக ஆனது. கல்யாணப் பத்திரிகைக்கு எங்கள் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

இந்த ஆண்டும் பொறுப்பு என்னிடம்தான். புத்தகக் காட்சியிலேயே பட்டியலைத் தொடங்கிவிட்டேன். ஆகஸ்ட் வரை காத்திருக்கவில்லை. பதிப்பகம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லெட்டர்பேடில் விலைப்பட்டியல், பான் எண், ரத்து செய்த காசோலை நகல், ஜி.எஸ்.டி. பொருந்தாது என்று ஒரு வரிக் கடிதம், இவற்றை ஒரே பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.பி.என். வாங்கிவிடுங்கள். விலை ஏற்றினால் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி விடாதீர்கள், கூடவே ஒரு கடிதம் வையுங்கள். நூலகத்துக்கென்று பத்துப் பிரதியாவது ஜூன் வரை ஒதுக்கி வைத்தால் இன்னும் நல்லது. கழிவைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.