ஆழாக்கிலிருந்து கிராமுக்கு

அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் மைசூர்பாகுக்கான அளவு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: கடலை மாவு 1 ஆழாக்கு, சர்க்கரை 2, நெய் 2. சென்ற தீபாவளிக்கு அதைத் தராசு வைத்துச் செய்து பார்க்க நினைத்தேன். ஒரு கப் என்றால் 200 கிராம் என்று எங்கோ படித்திருந்ததை நம்பி, மாவு 200 கிராம், சர்க்கரையும் நெய்யும் 400 கிராம் வீதம் நிறுத்துக்கொண்டேன். கம்பிப் பதத்தில் பாகு சரியாகவே வந்தது. ஆனால் மாவைத் தூவிக் கிளறத் தொடங்கியதும், ஊற்றிய நெய்யையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டு இறுகியதே தவிர, நுரைத்துப் பொங்கவில்லை. ஆறிய பிறகு வில்லைகள் கத்தி பட்ட இடத்திலேயே மாவாக உதிர்ந்தன.

மறுநாள் அம்மாவின் பித்தளை ஆழாக்கைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். தண்ணீரில் 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் என்பதால், எந்தப் பாத்திரத்தின் கொள்ளளவையும் இப்படி அறிந்துகொள்ளலாம். 170 காட்டியது. அதே ஆழாக்கில் சலித்த கடலை மாவு 68 கிராமும், சர்க்கரை 142 கிராமும், உருக்கிய நெய் 154 கிராமும் பிடித்தன. ஆக, அம்மாவின் 1:2:2 என்ற கணக்கு எடையில் 68, 284, 308 ஆகிறது. ஒரு பங்கு மாவுக்குச் சர்க்கரை நான்கு பங்குக்கு மேல், நெய் நாலரைப் பங்கு. நான் எடுத்ததோ இரண்டிரண்டு பங்குதான். அளவைப் பாத்திரத்தில் அடங்குவது பொருள் மட்டுமல்ல, துகள்களுக்கு இடையிலுள்ள காற்றும்தான். மாவில் அந்தக் காற்று அதிகம், சர்க்கரையில் குறைவு, நெய்யில் இல்லவே இல்லை. எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே கிராம் கணக்கு இருக்க முடியாது என்பதை அன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

மாவு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே கடலை மாவை டப்பாவுக்குள் ஆழாக்கை அழுத்தி முகந்து, இரண்டு தட்டுத் தட்டித் தலைதட்டியபோது 86 கிராம் வந்தது. ஒரே மாவு, ஒரே பாத்திரம், ஒரே கை. 18 கிராம் வித்தியாசம். எனவே மாவை அளக்கச் சொல்பவர்கள், சலித்துத் தளர்வாக நிரப்புவதா, அழுத்தி முகப்பதா என்பதையும் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாத்திரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது பழைய வாய்ப்பாடு; ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது, ஆழாக்கும் அதனுடன் மாறியது. கடையில் வாங்கும் அளவுக் கோப்பை 240 அல்லது 250 மில்லிலிட்டர் கொள்ளும். ரைஸ் குக்கருடன் தரும் கோப்பையோ பெரும்பாலும் 180தான், ஏனெனில் அது ஜப்பானியர்களின் பழைய அரிசி அளவையைப் பின்பற்றியது. சமையல் குறிப்பில் ஒரு கப் என்று கண்டதும் குக்கர் கோப்பையை எடுத்தால் கால் பங்கு குறைந்துவிடும்.

இட்லிக்கு மட்டும் இந்தக் கவலை ஏறக்குறைய இல்லை. அரிசியும் முழு உளுந்தும் ஒரே கொள்ளளவில் கிட்டத்தட்ட ஒரே எடை நிற்பதால், நாலுக்கு ஒன்று என்பதைப் படியில் அளந்தாலும் கிராமில் நிறுத்தாலும் மாவு மாறுவதில்லை. எண்ணெயில் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். தாளிக்க அது பொருட்டில்லை, கேக் செய்யும்போது பொருட்டு. தூள் உப்பு ஒரு தேக்கரண்டிக்கு சுமார் 6 கிராம் நிற்கும். கல் உப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அதே கரண்டியில் குறைவாகவே நிற்கும்.

இப்போது குறிப்பேட்டின் ஓரத்தில், அம்மாவின் எழுத்தைத் தொடாமல், ஒவ்வொரு வரிக்கும் கிராம் எழுதி வருகிறேன். புளிக்குழம்புப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவு புளி என்று இருக்கிறது. அம்மாவையே உருட்டித் தரச் சொல்லி மூன்று முறை நிறுத்தேன். 29, 31, 30.