கல்லைக் கழற்றிப் பார்த்த பிறகே தீயை மூட்டுகிறேன்

சென்ற மாதம் பாறசாலையிலிருந்து வயதான அம்மா ஒருவர் பேருந்தில் களியக்காவிளையைக் கடந்து மார்த்தாண்டத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மோதிரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "மோனே, இது எங்க அம்மைக்க மோதிரம். வைடூரியம். கல்லு இதுதான் வேணும், பொன்னை மட்டும் மாத்தி என் மகனுக்குச் செய்து தரணும்" என்றார். கல்லின் அடிப்பக்கம் தங்கத் தகட்டால் முழுவதும் மூடப்பட்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் தேன் நிறமும் மங்கலான ஒரு வெள்ளைக் கோடும் மட்டுமே தெரிந்தன. கூலியும் நாளும் பிறகு பேசலாம், முதலில் உங்கள் கண்முன்னாலேயே கல்லைக் கழற்றிவிடுகிறேன் என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன்.

அடியை மூடிப் பதிக்கும் க்ளோஸ் செட்டிங் முறையை நான் குறைத்துப் பேசவில்லை. நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளின் அழகு அந்த முறையில்தான் இருக்கிறது. வெள்ளியின் மேல் தங்கத் தாள் படிய, கெம்புக் கற்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் அந்த நகைகளை வாங்குகிறவர் வேலைப்பாட்டுக்காகவே வாங்குகிறார், ஒவ்வொரு கெம்பும் எந்த மண்ணில் பிறந்தது என்று அவர் கேட்பதில்லை. ஒற்றைக் கல்லை அதன் விலைக்காகவும் நம்பிக்கைக்காகவும் அணியும்போது நிலைமை வேறு. அடியில் வண்ணத் தாள் வைத்திருந்தாலும், கல்லின் கீழ்ப்பாதி வெடித்திருந்தாலும், மூடிய தகடு அதைத் தலைமுறைக்கும் மறைத்துவிடும்.

அந்தக் கல் வெளியே வந்தபோது அதன் அடியில் பழைய அரக்கும் பல ஆண்டு அழுக்கும் கெட்டியாக ஒட்டியிருந்தன. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லிய தூரிகையால் கழுவித் துடைத்து, மில்லிகிராம் காட்டும் தராசில் வைத்தேன். 1.110 கிராம், அதாவது 5.55 காரட். பின்பு மெல்லிய கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் எடை பார்த்தேன். 0.811 கிராம் காட்டியது. தண்ணீருக்குள் குறைந்துபோன 0.299 கிராமால் முதல் எடையை வகுத்தால் 3.7 வருகிறது. வைடூரியம் என்று நாம் சொல்லும் கிரிசோபெரில் கல்லின் அடர்த்தி இந்த அளவில்தான் இருக்கும். அதே எடையுள்ள பூனைக்கண் குவார்ட்ஸ் கல்லாக இருந்திருந்தால் தண்ணீரில் ஏறக்குறைய 0.42 கிராம் குறைந்திருக்கும். இந்த ஒரு கணக்கைக் கொண்டே கல்லின் பெயரை முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் வைடூரியம் என்ற பெயரில் கைமாறும் குவார்ட்ஸ் கற்களை வாசலிலேயே நிறுத்திவிட இது போதும். கூர்மையான கோடு ஓடும் கண்ணாடி இழைக் கற்களை அடையாளம் காண்பது இதைவிட எளிது. லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே தேன்கூடு போன்ற அறைகள் தெரியும்.

வைடூரியத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அது எங்கள் பக்கத்து மண்ணின் கல். திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் கிரிசோபெரில் கிடைக்கிறது. அனுமதியில்லாமல் காட்டைத் தோண்டி எடுத்த கல்லும் சந்தைக்கு வருவதால், ரசீது இல்லாமல் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவரப்படும் பட்டை தீட்டாத கல்லை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் தொடுவதில்லை. பட்டை தீட்டிய கல்லை வாங்கும்போது முதலில் கண் எனப்படும் அந்த வெள்ளைக் கோட்டையும் அடுத்து அடிப்பகுதியையும் பார்க்கிறேன். கல்லுக்குள் ஒரே திசையில் படுத்திருக்கும் மிக நுண்ணிய ஊசி இழைகளில் ஒளி பட்டுத் திரும்புவதால், அவற்றுக்குக் குறுக்காக அந்தக் கோடு தோன்றுகிறது. தீட்டியவர் இழைகளின் போக்கைப் பார்க்காமல் குவித்திருந்தால் கோடு நடுவில் ஓடாமல் ஓரத்தில் சாய்ந்துவிடும். அதைப் பதிப்பவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரிசெய்ய முடியாது. வியாபாரி கைவிளக்கை அடித்துக் காட்டும்போது எந்தக் கோடும் அழகாகத்தான் இருக்கும். நான் கல்லை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், திறந்த வானத்தின் வெளிச்சத்தில் அதன் உடல் நிறத்தையும் தெளிவையும் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வந்து ஒற்றை விளக்கில் கண்ணைப் பார்க்கிறேன். அடிப்பகுதியைத் தடிமனாக விட்டுவைப்பது எடைக்காக. காரட் கணக்கில் அதற்கும் பணம் கொடுக்கிறோம். மோதிரத்துக்குள் அந்தத் தடிமன் விரலைக் குத்தும், இல்லையென்றால் கல்லைத் தூக்கி நிறுத்த வேண்டிவந்து தங்கச் செலவு கூடும்.

எடை விஷயத்தில் சிறு பட்டறைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். கல் எடையில் ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். 10 மில்லிகிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் ஒரு படி பிசகினால் 0.05 காரட் போய்விடும். காரட் 20,000 ரூபாய் விலையுள்ள கல்லில் அது 1,000 ரூபாய்.

இவ்வளவு கண்டிப்பு எனக்குத் தொடக்கத்திலேயே இருந்ததில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி தன் சிவப்புக் கல் மோதிரத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். நகரத்துக் கடையொன்றின் ரசீதில் 'ரூபி' என்ற ஒரே சொல் இருந்தது. ரூபி 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும், தங்கப் பற்றவைப்புச் சூடு அதை ஒன்றும் செய்யாது என்று என் அப்பா காலம் தொட்டு நம்பிவந்தோம். அந்த நம்பிக்கையில் கல்லைக் கழற்றாமலே வளையத்தை வெட்டித் துண்டு சேர்த்துப் பற்றவைத்தேன். சூடு தணிந்ததும் கல்லின் முகம் முழுவதும் வெண்ணிற வலை படர்ந்திருந்தது. விரிசல்களுக்குள் ஈயக் கண்ணாடியை ஊற்றி நிரப்பித் தெளிவாக்கப்பட்ட கல் அது. ரூபி தாங்கிய சூட்டை அந்தக் கண்ணாடி தாங்கவில்லை. லென்ஸின் கீழே சாய்த்துப் பார்த்திருந்தால் விரிசல்களில் ஓடும் நீலப் பளபளப்பும் உள்ளே சிக்கிய குமிழிகளும் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். விற்றவர் சொல்லாமல் மறைத்தது அநியாயம்தான், ஆனால் பார்க்காமல் தீயைக் காட்டியது என் தவறு. வேறு கல் வாங்கிப் பதித்துக் கொடுத்தேன். மரகதத்தின் வெடிப்புகளை மறைக்கப் பெரும்பாலும் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள் என்பதையும் அதன் பிறகே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன், இன்று என் பட்டறையில் மரகதம், ஒலி அதிர்வால் நகையைக் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டிக்குள் இறங்குவதில்லை. முத்தையும் பவளத்தையும் பற்றவைப்பு, அமிலம், மெருகு எல்லாம் முடிந்த பிறகே பதிக்கிறேன்.

அந்த அம்மாவின் கல்லுக்கு அடிதிறந்த ஓப்பன் செட்டிங்கைத் தேர்ந்தெடுத்தேன். ஜோதிடர் சொல்லி அணிகிறவர்கள் கல் தோலைத் தொட வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கல் என்ன பலன் தரும் என்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை, ஆனால் அடி திறந்திருப்பது நாளை வேறொருவர் கல்லைச் சோதிக்கவும் உதவும் என்பதால் எனக்கும் அது விருப்பம். கல்லைச் சுற்றி 22 காரட் தங்கத்தில் மெல்லிய விளிம்பு எழுப்பி, மோதிரத்தை அரக்கில் ஊன்றி நிறுத்தி, கோடு விரலின் நீளவாக்கில் அமையும்படி மையால் குறி வைத்துக்கொண்டேன். விளிம்பை ஒரே ஓட்டமாகச் சுற்றித் தள்ளினால் தங்கம் ஒரு பக்கம் சுருங்கி மடிப்பு விழும், கல்லும் திரும்பிவிடும். எனவே மேலே ஒரு தள்ளு, நேரெதிரே கீழே ஒரு தள்ளு, பிறகு இடம், வலம் என்று சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். கை அவசரப்படாத காலை நேரத்தில் மட்டுமே இதைச் செய்கிறேன்.

ரசீதில் தங்கத்தின் நிகர எடை ஒரு வரியிலும், கல்லின் எடை மற்றொரு வரியிலும் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கல்லையும் அரக்கையும் சேர்த்து நிறுத்துத் தங்க விலை போடும் வழக்கத்தால் எத்தனையோ குடும்பங்கள் நகையை விற்கப் போன நாளில்தான் உண்மையை அறிந்தன. 916 முத்திரையும், 2021 முதல் வந்துள்ள, எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு குறிகள் கொண்ட எச்யுஐடி என்னும் நகையின் தனி அடையாள எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே சாட்சி, கல்லுக்கு அல்ல என்பதையும் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்கிறேன். பழைய மோதிரம் எடைபோட்டபோது அந்த அம்மா நினைத்திருந்ததைவிடத் தங்கம் குறைவாகவே இருந்தது, கல்லின் அடியில் இருந்த அரக்கை எடுத்துக் காட்டிய பிறகு அவருக்குக் காரணம் புரிந்தது.

மகனுடன் வந்து மோதிரத்தை வாங்கிக்கொண்ட அன்று, கல்லின் படம் வரைந்து, இரண்டு எடைகளையும், ஓரத்தில் லென்ஸில் தெரியும் பழுப்புப் புள்ளியையும் குறித்திருந்த தாளை அவரிடம் கொடுத்தேன். மகனை அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மோதிரத்தை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய், கோடு அசைவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மூடிய தகட்டுக்குள் மங்கிக் கிடந்ததால், அதை அவ்வளவு தெளிவாக அவர் பார்த்தது அதுதான் முதல் முறையாம்.